வாக்களிக்க உதவ விரும்பும் எட்டுப் பேருக்கு

உங்கள் குடியிருப்பைச் சேர்ந்த எட்டுப் பேர், எந்தக் கட்சியையும் சாராமல், வரும் தேர்தலில் மக்கள் வாக்களிக்க உதவ விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வாக்குப்பதிவு நாளன்று முதியவர்களைக் காரில் அழைத்துச் செல்வதும், வாக்குச்சாவடி வாசலில் நின்று வருவோருக்கு வழிகாட்டுவதுமே உங்கள் திட்டம். இதற்குச் சட்டத்தில் இடம் உண்டா, எட்டுப் பேர் போதுமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டில் ஒன்று, தேர்தல் சட்டம் மிகவும் ஐயத்தோடு பார்க்கிற செயல். மற்றொன்று, முறையான அனுமதியின்றிச் செய்யக்கூடாதது. ஆனால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதன் பெரும்பகுதி வாக்குப்பதிவு நாளுக்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிட வேண்டியது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில் வாக்குச்சாவடி அலுவலராகவும் பின்னர் தலைமை அலுவலராகவும் சில தேர்தல்களில் பணியாற்றினேன். ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் ஒரே காட்சியைக் கண்டேன். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்த வாக்காளர் அடையாள அட்டையோடு ஒரு மூதாட்டி வருவார், முதல் அலுவலர் பட்டியலைப் புரட்டுவார், பெயர் இருக்காது. "போன தடவை இதே பள்ளிக்கூடத்துலதானே ஓட்டுப் போட்டேன்" என்பார் அவர். அட்டை உண்மையானது, ஆளும் உண்மையானவர். ஆனாலும் அவரை அன்று வாக்களிக்க வைக்கும் அதிகாரம் எனக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ கிடையாது. அடையாள அட்டை என்பது நீங்கள் யார் என்பதற்குச் சான்று மட்டுமே. வாக்குரிமையைத் தருவது பட்டியலில் உள்ள பெயர். இந்த வேறுபாடு நம் மக்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்குப் பிறகு இது இன்னும் முக்கியமாகிவிட்டது. கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பித் திருப்பிக் கொடுத்தவர்களின் பெயர்கள் மட்டுமே அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் இடம்பெற்றன. படிவம் வந்த வாரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர், வீடு பூட்டியிருந்தவர், வாங்கி வைத்துவிட்டு மறந்தவர் என எத்தனையோ வகையினர் உண்டு. எனவே இருபது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்து வாக்களித்தவரும் தம் பெயர் இருக்கிறதா என்று புதிதாகப் பார்த்தாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் இணையதளத்திலும் செயலியிலும் அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடினால் சட்டமன்றத் தொகுதி, பாகம் எண் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல் பகுதியின் எண்), வரிசை எண், வாக்குச்சாவடியின் பெயர் ஆகியவை கிடைத்துவிடும். 1950 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஒருவருக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும் வேலைதான்; அந்த இரண்டு நிமிடத்தை யாரும் செலவிடுவதில்லை என்பதே சிக்கல், அதற்குத்தான் நீங்கள் தேவைப்படுகிறீர்கள்.

பெயர் இல்லையென்றால் படிவம் 6. முகவரி மாற்றம், எழுத்துப்பிழைத் திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்ற குறிப்பைச் சேர்த்தல் ஆகிய நான்குக்கும் படிவம் 8. முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 வயது நிரம்பியவர் மட்டுமே அந்த ஆண்டில் சேர முடியும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய மாதங்களின் முதல் நாள்கள் நான்குமே தகுதி நாள்கள். 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். விண்ணப்பத்தை அவரவரே இணையத்தில் அனுப்பலாம் அல்லது அந்தப் பாகத்தின் பட்டியலைக் கவனிக்கும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுக்கலாம். ஒரு குடும்பத்தின் படிவங்களைச் சேர்த்துக் கொடுப்பதில் தடையில்லை. ஆனால் ஐம்பது, நூறு பேரின் படிவங்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போனால் வாங்க மாட்டார்கள், வாங்கவும் கூடாது. ஆகவே உங்கள் வேலை படிவங்களைத் திரட்டுவது ஆகாது. நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும், கையெழுத்துக்கு முன் ஒருமுறை வாசித்துக் காட்டுவதும்தான். படிவத்தில் பொய்யான உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கையெழுத்திடுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இறந்தவர், இடம் மாறியவர் பெயர்களை நீக்கச் சொல்லும் படிவம் 7-ஐ மட்டும் தொடாதீர்கள். குடும்பத்தினர் செய்ய வேண்டியதை வெளியாள் நல்லெண்ணத்தோடு செய்தாலும் ஒருவரின் வாக்கைப் பறித்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும்.

இதற்கெல்லாம் காலக்கெடு எப்போது என்பதில்தான் பெரும்பாலான தன்னார்வக் குழுக்கள் தவறுகின்றன. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது. ஆட்சேபம் கேட்கவும் ஆய்வு செய்யவும் அவகாசம் வேண்டும் என்பதால், அந்த நாளுக்குச் சுமார் பத்து நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்தல் தேதிகள் அறிவிக்கப்பட்டது மார்ச் 16. தமிழ்நாட்டில் வேட்புமனுவுக்குக் கடைசி நாள் மார்ச் 27. வாக்குப்பதிவு ஏப்ரல் 19. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தேதியைத் தொலைக்காட்சியில் கேட்டு, ஆர்வம் வந்து, ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசி, திங்கட்கிழமை கிளம்பிய குழுவுக்குக் கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டிருந்தது. தெருவில் முதல் ஒலிபெருக்கி கேட்பதற்குள் உங்கள் வேலையில் முக்கால் பங்கு முடிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதத்திற்கும் மேல் வாக்குப் பதிவானது. மத்திய சென்னையில் 54 சதவீதத்தை ஒட்டி நின்றுவிட்டது. நகரத்தார் சோம்பேறிகள் என்று மறுநாள் எழுதாத பத்திரிகை இல்லை. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நகரத்தில் பழைய முகவரியில் பெயர் தங்கிவிடுகிறது. ஆள் வேறிடத்தில் இருக்கிறார். அவர் வாக்களிக்காதவராகக் கணக்கில் ஏறுகிறார். சென்னையின் ஆற்றோரக் குடியிருப்புகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் குடியமர்த்தப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். பெயர் பழைய தொகுதியில் இருக்கும்வரை, அங்கே போய் வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும்; பெயர் அங்கே நீக்கப்பட்டு இங்கே சேர்க்கப்படாவிட்டால் எங்குமே வாக்கில்லை. அவருக்குத் தேவைப்படுவது விழிப்புணர்வுப் பேரணியும் கோலப்போட்டியும் அல்ல, ஒரு படிவம் 8-உம் அதை நிரப்ப அரை மணி நேரமும்தான்.

தனிக் கவனம் வேண்டிய வேறு சிலரும் உண்டு. திருமணமாகி வந்த பெண்ணின் பெயர் பிறந்த ஊரிலேயே இருக்கும். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் தம் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ பதிவு செய்யலாம், இரண்டிலும் கூடாது. வீடற்றவருக்கு முகவரிச் சான்று இல்லையே என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அவர் இரவில் உறங்கும் இடத்தைப் படிவத்தில் குறித்தால், அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் அங்கே வந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதுதான் நடைமுறை, ஆவணம் கட்டாயமில்லை. நடைபாதையில் வாழும் ஒரு குடும்பத்திற்கு இதைச் சொல்லி, அலுவலரிடம் அழைத்துப் போய் அறிமுகப்படுத்துவதைவிடப் பயனுள்ள தன்னார்வப் பணி எனக்குத் தெரிந்து வேறில்லை. மறுபுறம், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் அருகில் இருந்தால் கவனம் தேவை. முப்பது ஆண்டுகளாக இங்கே வாழ்கிறார்களே என்ற இரக்கத்தில் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்தால், குடியுரிமை இல்லாதவரைப் பொய் உறுதிமொழியில் சிக்க வைத்தவர்கள் ஆவீர்கள். அதேசமயம், 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர் குடியுரிமைச் சட்டப்படி பிறப்பாலேயே குடிமகன். முகாமில் அப்படிப் பிறந்தவருக்குத் தேவை வழக்கறிஞரின் உதவி, உங்களுடையதன்று.

நடக்க முடியாத முதியவரைக் காரில் ஏற்றுவதற்கு முன், அவர் வரத்தான் வேண்டுமா என்று பாருங்கள். 85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்களிக்கலாம். இந்த வயது வரம்பு முன்பு 80 ஆக இருந்தது. 2024-இல் 85 ஆக்கப்பட்டது. இதற்குப் படிவம் 12டி. தேதி அறிவிப்புக்குப் பின் வரும் முறையான தேர்தல் அறிவிக்கை வெளியானதிலிருந்து ஐந்து நாள்களுக்குள் அது போய்ச் சேர வேண்டும். 2024-இல் அறிவிக்கை மார்ச் 20 அன்று வந்தது. வாக்குப்பதிவுக்கு மூன்று வாரத்திற்கும் மேல் இருக்கும்போதே அந்த வாய்ப்பு முடிந்துபோனது. படிவம் ஏற்கப்பட்டால் வாக்குப்பதிவு அலுவலர்கள் குழு வீட்டுக்கு வரும்; வாக்குச்சீட்டைத் தந்து, மறைவாகக் குறிக்கச் செய்து, உறையிலிட்டு எடுத்துச் செல்லும். இந்த வசதியைத் தேர்ந்தெடுத்தவர் பிறகு சாவடிக்கு வந்து வாக்களிக்க முடியாது என்பதை அவருக்கு இரண்டு முறை சொல்லுங்கள். வாக்குச்சாவடிக்குப் போவதையே திருவிழாவாகக் கருதும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டு வாக்கை வற்புறுத்த வேண்டாம்.

இனி, கார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 123(5) பிரிவின்படி, வேட்பாளரோ அவரது முகவரோ, அவர்களின் ஒப்புதலோடு வேறு எவருமோ, வாக்காளர்களைச் சாவடிக்கு இலவசமாக ஏற்றிச் செல்வது ஊழல் செயல். அதற்காகவே ஒரு தேர்தல் வெற்றி செல்லாமல் போகலாம். 133-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையும் அபராதமும் உண்டு. நீங்கள் வேட்பாளரின் ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் காலை எட்டு மணிக்கு ஒரே கார் நான்காவது முறையாக வெவ்வேறு முதியவர்களை இறக்கிவிடுவதைப் பார்க்கும் முகவருக்கு அது தெரியாது. உங்களில் ஒருவரின் மைத்துனர் வட்டச் செயலாளராக இருந்துவிட்டால் நீங்கள் விளக்கிச் சொல்வதும் எடுபடாது. உங்கள் சொந்தக் குடும்பத்தினரை உங்கள் வண்டியில் அழைத்துச் செல்லத் தடையில்லை. அதுவும் சாவடியிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் நிறுத்த வேண்டும். மற்றவர்களுக்கு, மாவட்ட நிர்வாகமே மாற்றுத்திறனாளிகளுக்கும் மூத்தோருக்கும் வாகன வசதி செய்கிறது. தேர்தல் ஆணையத்தின் சக்ஷம் செயலியிலோ 1950 எண்ணிலோ முன்பதிவு செய்து கொடுப்பது உங்களால் முடியும். கட்டணம் செலுத்திப் பொதுப் பேருந்தில் செல்வதைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. பாட்டிக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை; நீங்கள் உங்கள் சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று கைபிடித்து இறக்கிவிட்டால் எந்தப் பிரிவும் உங்களை நெருங்காது.

சாவடி வாசலும் அப்படித்தான். 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்பது குற்றம். கட்சிகளின் மேசை நாற்காலிகூட அந்த 100 மீட்டருக்கு அப்பால்தான்; 2025 வரை அது 200 மீட்டராக இருந்தது. உள்ளே யார் வரலாம் என்பதற்கு விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது: வாக்காளர், அலுவலர், வேட்பாளர், முகவர், தாயின் கைக்குழந்தை, பார்வையற்றவரின் துணை என்று அது போகிறது, நல்லெண்ணம் கொண்ட அக்கம்பக்கத்தார் அதில் இல்லை. சக்கர நாற்காலி தள்ளவும் வரிசையை ஒழுங்குபடுத்தவும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் போன்றோரை நிர்வாகமே அடையாள அட்டையோடு நியமிக்கிறது. அதில் சேர விரும்பினால் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம், அதாவது ஆட்சியரிடம், முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். சென்னையில் மாநகராட்சி ஆணையர். நியமனம் கிடைக்காதவர்கள் தெருமுனையோடு நின்றுகொள்ளுங்கள். கரை வேட்டி கட்டும் வழக்கம் உள்ளவர் குழுவில் இருந்தால் அன்றைக்கு மட்டும் வெள்ளைக் கரையோ கால்சட்டையோ அணியட்டும்.

பார்வையற்றவருக்கோ உடல் நலிந்தவருக்கோ துணையாக உள்ளே செல்வதற்குத் தேர்தல் நடத்தும் விதிகளில் 49என் விதி இடம் தருகிறது. துணை 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். இரகசியம் காப்பதாக உறுதிமொழி எழுதித் தர வேண்டும். அன்று வேறு எவருக்கும், வேறு எந்தச் சாவடியிலும் துணையாகச் சென்றிருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை. முதியோர் இல்லத்தின் 20 பேரை ஒரே பணியாளர் அழைத்து வந்து, முதலாமவரோடு உள்ளே போய், இரண்டாமவரிடம் நிறுத்தப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன், நிறுத்தியவனும் நான்தான். எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் துணையை அனுமதிக்கப் போதுமான காரணமாகாது. சின்னத்தைக் கண்டுகொள்ளவோ பொத்தானை அழுத்தவோ முடியாத நிலை இருக்க வேண்டும். பிரெய்ல் தெரிந்தவர் துணையே இல்லாமல் வாக்களிக்க முடியும், ஏனெனில் இயந்திரத்தில் பொத்தான்களின் அருகே பிரெய்ல் எண்கள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்: தான் எங்கே இருக்கிறோம் என்பதே நினைவில் தங்காத முதியவரை அழைத்து வந்து அவர் விரலைப் பிடித்து அழுத்துவது உதவி ஆகாது. அந்த வாக்கு அழுத்தியவருடையது.

படித்தவர்களும் பழகிப் பார்க்க வேண்டியது இயந்திரத்தை. 2024-இல் கரூரில் 54 வேட்பாளர்கள்; ஒரு வாக்குப்பதிவு அலகில் 16 இடங்கள் என்பதால், நோட்டாவையும் சேர்த்தால் நான்கு அலகுகள் வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. பார்வை மங்கியவர் அதன்முன் திகைத்து நிற்பதில் வியப்பில்லை. ஒரு மாதிரி அட்டையைச் செய்து, நீலப் பொத்தான் எங்கே, சிவப்பு விளக்கு எங்கே எரியும், பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் சீட்டு ஏழு விநாடி தெரிந்துவிட்டு உள்ளே விழும், அது கைக்கு வராது என்று காட்டுங்கள். அட்டையில் சின்னங்களுக்குப் பதிலாகப் பழங்களை வரையலாம் என்று தோன்றும். மாம்பழம் ஒரு கட்சியின் சின்னம், பலாப்பழம் 2024-இல் இராமநாதபுரத்தில் ஒரு முன்னாள் முதல்வரின் சின்னம். வெறும் எண்களை எழுதி வையுங்கள்.

எந்த ஆவணத்தை எடுத்துச் செல்வது என்பதையும் முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள். வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, புகைப்படம் உள்ள வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை முதலான பன்னிரண்டில் ஒன்று போதும். குடும்ப அட்டை அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் ரேஷன் கார்டை நீட்டுவதே பழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பூத் சிலிப்பும் அடையாளச் சான்று ஆகாது. கைப்பேசியில் உள்ள படத்தை நம்பி வர வேண்டாம். கைப்பேசிக்கே உள்ளே இடமில்லை. ஒருவர் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டிருந்தால், அவர் சண்டையிடாமல் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டைக் கேட்கலாம் என்பதும், மாலை முடிவு நேரத்தில் வரிசையில் நிற்பவர் அனைவருக்கும் கடைசி ஆளிலிருந்து தொடங்கி டோக்கன் கொடுத்து வாக்களிக்க அனுமதிப்பார்கள் என்பதும் தெரிந்திருந்தால், ஐந்தரை மணிக்கு வேலையிலிருந்து ஓடி வருபவர் பாதி வழியில் திரும்பிப் போகமாட்டார். அன்று ஊதியத்துடன் விடுப்பு தர வேண்டும் என்பது அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. தினக்கூலிக்கும் அது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான் என்பதால் அந்தப் பிரிவுக்கு யாரும் அஞ்சுவதில்லை.

நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போகும்போது, "டோக்கன் எப்பப்பா வரும்?" என்று, அதாவது வாக்குக்குப் பணம் எப்போது என்று, உங்களிடம் கட்டாயம் கேட்பார்கள். 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூரிலும் பணப்பட்டுவாடாவுக்காகவே வாக்குப்பதிவு நிறுத்தப்பட்ட மாநிலம் இது. பட்டியலோடு வருபவரை அப்படித்தான் பார்ப்பார்கள். வாங்குவதும் குற்றமே என்று அங்கே நின்று பாடம் நடத்துவது உங்கள் வேலையன்று. நாங்கள் அதற்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்க வந்ததைக் கேளுங்கள். கையில் பெருந்தொகை வைத்திருக்க வேண்டாம். 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றி இருந்தால் பறக்கும் படை எடுத்துக்கொள்ளும். ஆதார் நகல், கைப்பேசி எண், சாதி, கட்சி விருப்பம் எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள். 2022-இல் பெங்களூருவில், வாக்காளர் விழிப்புணர்வு என்று சொல்லிக்கொண்டு வாக்காளர்களின் விவரங்களைத் திரட்டியதாக ஓர் அமைப்பின்மீது வழக்குப் பதிவாகி, அதிகாரிகள் சிலர் பணியிடை நீக்கமும் செய்யப்பட்டனர். பெயர் இருக்கிறது, இல்லை, திருத்த வேண்டும் என்ற மூன்று குறிகளுக்கு மேல் உங்கள் நோட்டில் எதுவும் வேண்டாம். வேலை முடிந்ததும் அந்தத் தாளையும் கிழித்துவிடுங்கள்.

எட்டுப் பேர் போதுமா என்றால், ஒரு பாகத்திற்குத் தாராளமாகப் போதும். ஒரு வாக்குச்சாவடிக்கு அதிகபட்சம் 1,200 வாக்காளர் என்பது இப்போதைய வரம்பு. வீட்டுக்கு மூவர் என்று வைத்தால் 400 வீடுகள். இருவர் இருவராக நான்கு அணிகள், அணிக்கு 100 வீடுகள். மாலை வேளையில் வீட்டுக்குப் பத்து நிமிடம் என்றாலும் நான்கு வார இறுதிகளில் முடித்துவிடலாம். ஒவ்வோர் அணியிலும் ஒரு பெண் இருக்கட்டும், பகலில் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. முதல் வார இறுதிக்கு முன் உங்கள் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் போய்ப் பாருங்கள். அவர் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். தம் வழக்கமான வேலையோடு இதையும் சுமப்பவர். அவரிடம் இல்லாத வீட்டுக் கணக்கு எந்த இணையதளத்திலும் இல்லை.